விஓஆரைத் தொடாமல் ஜிபிஎஸ்ஸை வைத்தே விக்டர் ஏர்வேயில் பறக்கலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. அமெரிக்காவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) பயிற்சியில் இருக்கிறீர்கள். ஓட்டுகிற ஒற்றை எஞ்சின் விமானத்தின் பேனலில் ஜிபிஎஸ் நேவிகேட்டர் ஒன்று பொருத்தியிருக்கிறது. கன்ட்ரோலர் தரும் கிளியரன்ஸில் விக்டர் ஏர்வே (விஓஆர் என்ற தரை ரேடியோ நிலையங்களை வைத்து வகுத்த வான்பாதை) வந்தால் அந்த விஓஆரை ட்யூன் செய்யாமல் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தே போகலாமா என்பது முதல் கேள்வி. ஜிபிஎஸ் காட்டும் கோர்ஸுக்கும் (போக வேண்டிய திசை) சார்ட்டில் அச்சிட்ட ரேடியலுக்கும் (விஓஆரிலிருந்து கிளம்பும் திசைக்கோடு) 3 டிகிரி வித்தியாசம் வருகிறதே, எதை நம்புவது என்பது இரண்டாவது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது: அந்த ஜிபிஎஸ் பெட்டிக்கு ஏர்வே என்றால் என்னவென்று தெரியுமா? பல வருடங்களாக இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி கொடுத்துவருகிறேன். என் மாணவர்கள் ஏர்வேயில் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, அதற்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டதால் வந்தவை. அதற்குத் தெரிந்தது புள்ளிகளும் அவற்றுக்கு நடுவே போடும் கோடும்தான்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், அதில் பெரிய குழப்பம் இல்லை. போகலாம். 91.205 விதி கேட்பது பறக்கப்போகும் பாதைக்குப் பொருத்தமான நேவிகேஷன் கருவி. ஐஎஃப்ஆருக்கு (கருவிகளை வைத்துப் பறப்பதற்கான விதிமுறை) அனுமதி பெற்று, பேனலில் முறைப்படி பொருத்திய ஜிபிஎஸ் அந்தக் கணக்கில் வரும். விஓஆர், டிஎம்இ (தூரம் காட்டும் கருவி), என்டிபி (ரேடியோ பீக்கன்) ஆகியவற்றுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துவதைப் பற்றி அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ 90-108 என்ற எண்ணில் தனிச் சுற்றறிக்கையே வைத்திருக்கிறது. தரையில் உள்ள விஓஆர் நிலையம் பழுதாகி நின்றிருந்தாலும், விமானத்தில் உள்ள விஓஆர் ரிசீவர் வேலை செய்யாவிட்டாலும் இது செல்லும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். உங்களுடையது டிஎஸ்ஓ-சி129 வகை, அதாவது வாஸ் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் செயற்கைக்கோள் ஏற்பாடு) இல்லாத பழைய ஜிபிஎஸ் என்றால், மாற்றாக இன்னொரு நேவிகேஷன் கருவி விமானத்தில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் ரெய்ம் (ஜிபிஎஸ் தன் சமிக்ஞையைத் தானே சரிபார்க்கும் வசதி) கிடைக்குமா என்று முன்கணிப்பும் பார்க்க வேண்டும். சி145, சி146 வகை வாஸ் கருவி என்றால், வாஸ் எட்டும் பகுதிக்குள் இந்த இரண்டும் கட்டாயமில்லை. மடியில் இருக்கும் டேப்லெட் எவ்வளவு அழகாக ஏர்வேயை வரைந்து காட்டினாலும் இந்தப் பேச்சிலேயே வராது. அது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள மட்டும்தான். நான் சொல்வதெல்லாம் அமெரிக்க விதிகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு நாட்டில் பறக்கப்போனால் அந்த நாட்டின் அதிகாரபூர்வ விமானத் தகவல் தொகுப்பான ஏஐபியை எடுத்துப் படியுங்கள், என்னை மேற்கோள் காட்டாதீர்கள்.

இனி ஏர்வே. விக்டர் ஏர்வே என்பது விஓஆர் ரேடியல்களால் ஆன பாதை. நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 4 கடல் மைல் அகலம். நிலையத்திலிருந்து 51 கடல் மைலைத் தாண்டிவிட்டால் அகலம் 4.5 டிகிரி கோணத்தில் விரிந்துகொண்டே போகும். 51 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள்: 4.5 டிகிரி கோணம் சரியாக 4 கடல் மைல் அகலமாக விரியும் தூரம் அது. விஓஆர் சமிக்ஞையும் ரிசீவரும் விமானியின் கையும் சேர்ந்து செய்யும் பிழைக்குக் கொடுத்த இடம்தான் அந்த 4.5 டிகிரி. ஆக ஏர்வேயின் வடிவமே விஓஆரின் குறையை அளந்து வெட்டிய சட்டை. அதை இப்போது ஜிபிஎஸ்ஸுக்கு மாட்டுகிறோம். தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு தொளதொளப்பு என்பதை, கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று காட்டும் ஊசியில் பார்க்கலாம். விஓஆர் ஊசி ஓரத்துக்குப் போனால் 10 டிகிரி விலகல். நிலையத்திலிருந்து 40 கடல் மைல் தள்ளியிருக்கும்போது அது ஏறத்தாழ 7 கடல் மைல். 51 கடல் மைலில் ஊசி பாதி தூரம் போனாலே நீங்கள் ஏர்வேக்கு வெளியே. ஜிபிஎஸ் ஊசி கோணத்தைக் காட்டுவதில்லை, தூரத்தைக் காட்டுகிறது. வாஸ் கருவியில் என்ரூட் (வழிப்பயண) நிலையில் ஊசி ஓரத்தைத் தொட்டால் 2 கடல் மைல் விலகல். எங்கே இருந்தாலும் அதே 2. ஊசி முழுக்க ஓடினாலும் ஏர்வேக்குள்தான் இருப்பீர்கள். பழைய சி129 கருவியில் அது 5 கடல் மைல். அங்கே ஊசி ஓரத்தைத் தொட்டபோது ஏர்வே ஓரத்தை ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். உங்கள் விமானத்தில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஊசியை மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, இப்போது அந்த அடிக்கேள்விக்கு வருகிறேன். நேவிகேட்டருக்கு ஒரு வரிசையில் புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றை நேர்கோடுகளால் இணைக்கும். நீங்கள் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. ஏர்வே வளைகிற இடத்தில் உள்ள புள்ளியை விட்டுவிட்டால் அது ஏன் என்று கேட்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு விஓஆர், நடுவே ஏர்வே வழியாக 80 கடல் மைல். முதல் விஓஆரிலிருந்து 090 ரேடியலில் 40 கடல் மைல் போய், ஒரு இன்டர்செக்ஷனில் (ரேடியல்கள் வெட்டும் புள்ளி) 12 டிகிரி வலப்பக்கம் திரும்பி, 102 கோர்ஸில் இன்னும் 40 கடல் மைல் போனால் அடுத்த விஓஆர். சார்ட்டில் இந்த வளைவு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அவசரத்தில் இரண்டு விஓஆரை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி நேராக 096-இல் ஒரு கோடு போடும். வளைவு இருக்கிற இடத்துக்கு நேரே வரும்போது நீங்கள் நடுக்கோட்டிலிருந்து 4.2 கடல் மைல் தள்ளி இருப்பீர்கள், அதாவது ஏர்வேக்கு வெளியே. ஊசி ஆடாமல் அசையாமல் நடுவில் நிற்கும். ஆட்டோபைலட் அதைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டு போகும். மொத்தத் தூரத்தை ஒப்பிட்டும் கண்டுபிடிக்க முடியாது. வளைந்து போனால் 80, நேராகப் போனால் 79.6.

இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் ஒன்றே ஒன்றுதான். ஃபிளைட் பிளான் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு லெக்கின் (இரண்டு புள்ளிக்கு நடுவேயான துண்டு) தூரத்தையும் கோர்ஸையும் சார்ட்டில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். சார்ட்டில் 40, 40 என்று இரண்டு துண்டு இருக்க, பெட்டியில் 80 என்று ஒரே துண்டு இருந்தால் எதையோ விழுங்கிவிட்டீர்கள். வழியில் உள்ள எல்லா ஃபிக்ஸையும் (பெயரிட்ட புள்ளி) அடிக்க வேண்டுமா என்று கேட்டால், கட்டாயமில்லை. ஏர்வேயில் நுழையும் புள்ளி, விலகும் புள்ளி, வளையும் புள்ளிகள் எல்லாம், கட்டாய ரிப்போர்ட்டிங் புள்ளிகள், இவை போதும். நான் கூடவே குறைந்தபட்ச உயரம் மாறுகிற ஃபிக்ஸையும் சேர்த்துக்கொள்வேன். உயரம் மாற்ற வேண்டிய இடம் வருகிறது என்று பெட்டியே நினைவுபடுத்துமே என்பதற்காக. இது விதி கிடையாது, என் சோம்பேறித்தனம்.

1998-இல் வந்த கார்மின் 430 போன்ற கருவிகளில் ஏர்வே பெயரைக் கொடுத்து ஏற்றும் வசதி இல்லை. குமிழைத் திருகித் திருகி ஒவ்வொரு புள்ளியாகப் போட வேண்டும். குலுங்கும் விமானத்தில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2011-இல் வந்த ஜிடிஎன் வரிசை, அதற்கு முந்தைய ஜி1000 போன்றவற்றில் நுழையும் புள்ளியைத் தொட்டு, ஏர்வே எண்ணைத் தேர்ந்து, விலகும் புள்ளியைக் காட்டினால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் அதுவே நிரப்பிவிடும். வளைவை விட்டுவிடும் அபாயம் இதில் பெருமளவு போய்விடுகிறது. ஆனால் நிரப்பி முடித்ததும் அதுவும் புள்ளிகளின் வரிசையாகத்தான் மாறிவிடுகிறது. நடுவில் ஒன்றை நீங்கள் அழித்தால் பழைய கதைதான். சில வளைவுகளுக்கு விமானிகள் பேசும் பெயரே கிடையாது. அந்த இடத்தில் சார்ட்டில் ஒரு சிறிய பெருக்கல் குறியும் அடைப்புக்குறிக்குள் ஐந்தெழுத்துப் பெயரும் இருக்கும். கம்ப்யூட்டருக்காக வைத்த புள்ளி அது. ஃபிளைட் பிளானில் எழுதவோ ரேடியோவில் சொல்லவோ கூடாது. கன்ட்ரோலருக்கு அந்தப் பெயர் தெரியாது.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. ஒரே ஊர்ப் பெயரில் விமான நிலையமும் விஓஆரும் இருக்கும், ஆனால் இரண்டும் பல மைல் தள்ளி நிற்கும். முன்னால் ‘கே’ எழுத்து சேர்த்து அடித்தால் விமான நிலையம், சேர்க்காமல் மூன்றெழுத்தாக அடித்தால் விஓஆர். ஏர்வே போவது விஓஆர் வழியாக. இந்த ஓரெழுத்துத் தவறை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. தவறான புள்ளியைத் தேர்வதன் கொடூரமான உதாரணம் 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவில் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. ரோசோ என்ற பீக்கனுக்குப் போக நினைத்து ‘ஆர்’ என்று அடித்தார்கள். கம்ப்யூட்டர் பட்டியலில் முதலில் கொடுத்தது போகோட்டா அருகே இருந்த ரோமியோ. விமானம் இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அதற்கு முன்பே டைரக்ட் (இருக்கும் இடத்திலிருந்து ஒரு புள்ளிக்கு நேராகப் போ என்ற கட்டளை) கொடுத்ததில் நடுவில் இருந்த துலுவா என்ற புள்ளி திரையிலிருந்து போயிருந்தது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். அது போயிங் 757, இரண்டு அனுபவசாலிகள் ஓட்டியது. நாம் ஒற்றை ஆளாக, காதில் கன்ட்ரோலர் பேசிக்கொண்டிருக்க, முழங்காலில் சார்ட்டை வைத்துக்கொண்டு அதே வகைப் பெட்டியை இயக்குகிறோம்.

டைரக்ட் பொத்தானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏர்வே விஷயத்தில் அதுதான் தினசரித் தொல்லை. கிளம்பியதும் கன்ட்ரோலர் ஒரு ஹெட்டிங் (விமானத்தின் மூக்கை வைக்க வேண்டிய திசை) கொடுத்து, “இந்த ஹெட்டிங்கில் போய் ஏர்வேயைப் பிடித்துக்கொள்” என்பார். என் மாணவர் ஒருவர், நல்ல கெட்டிக்காரர், இதைக் கேட்டதும் அடுத்த ஃபிக்ஸுக்கு டைரக்ட் அடித்தார். திரையில் இளஞ்சிவப்புக் கோடு வந்தது, ஊசி நடுவுக்கு வந்தது. முகத்தில் நிம்மதி. “சார், ஏர்வேயில இருக்கோம்” என்றார். “எந்த ஏர்வேயில?” என்று கேட்டேன். நாங்கள் இருந்த இடத்திலிருந்து அந்த ஃபிக்ஸ் வரை பெட்டி புதிதாக ஒரு கோடு போட்டிருந்தது. அது அவருடைய சொந்த ஏர்வே. உண்மையான நடுக்கோடு இடப்பக்கம் 6 மைல் தள்ளி இருந்தது. கன்ட்ரோலரும் கவனித்துவிட்டார், ஏர்வேயைப் பிடித்துவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டார். செய்ய வேண்டியது வேறு. ஃபிளைட் பிளானில் ஏர்வேயின் அந்தக் குறிப்பிட்ட துண்டை, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரையான லெக்கை, ஆக்டிவேட் செய்ய வேண்டும். அப்போது ஊசி ஓரத்தில் போய் நிற்கும். ஹெட்டிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது தானாக நடுவுக்கு நகரும், அப்போது திரும்பிக்கொள்ளலாம். டைரக்டுக்கு ஒரு பொத்தான், லெக் ஆக்டிவேட் செய்ய நாலைந்து அழுத்தல். கைக்கு எது எளிதோ அதற்குத்தான் கை போகும். தரையில் உட்கார்ந்து அந்த நாலைந்து அழுத்தலை யோசிக்காமல் வரும்வரை பழகுங்கள்.

இனி உங்கள் 3 டிகிரி. சார்ட்டில் ரேடியல் 090 என்கிறது, பெட்டி 093 என்கிறது. பழுதில்லை. விஓஆர் நிலையத்தை நிறுவியபோது அல்லது கடைசியாகச் சரிசெய்தபோது காந்த வடக்கு எங்கே இருந்ததோ அதை வைத்து அதன் பூஜ்ய ரேடியலை நிறுத்தியிருப்பார்கள். காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நிலையத்தை வருடாவருடம் திருப்பி வைப்பதில்லை. அப்படித் திருப்பினால் அதைச் சார்ந்த எல்லா ஏர்வேயையும் அப்ரோச்சையும் (தரையிறங்க வரும் பாதை) சார்ட்டில் மாற்ற வேண்டிவரும். ஜிபிஎஸ்ஸோ தன் உள்ளே இருக்கும் காந்த மாதிரியை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டு எண்ணும் வேறு, ஆனால் தரையில் உள்ள கோடு ஒன்றுதான், ஏனென்றால் இரண்டு முனையிலும் உள்ள புள்ளிகள் அதேதான். அதனால் லெக் தூரம் சார்ட்டோடு பொருந்தி, கோர்ஸ் மட்டும் இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருந்தால் பெட்டி காட்டும் கோர்ஸில் பறந்து போங்கள். செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: வித்தியாசத்தைப் பார்த்துப் பதறி, ஓபிஎஸ் நிலைக்கு (கோர்ஸைக் கையால் வைக்கும் நிலை) மாற்றி, சார்ட்டில் உள்ள 090-ஐ நீங்களே திருகி வைப்பது. பெட்டி தன் கணக்குப்படியான 090-இல் கோடு போடும். 40 கடல் மைல் போகும்போது உண்மையான ஏர்வேயிலிருந்து 2 கடல் மைல் தள்ளியிருப்பீர்கள். வித்தியாசத்தைத் தீர்க்கப் போய் வித்தியாசத்தை உண்டாக்கிய கதை. ஆறு, ஏழு டிகிரி வித்தியாசம் வந்தால் மட்டும் நிறுத்தி யோசியுங்கள். முன்னே சொன்ன விழுங்கிய வளைவாக இருக்கலாம்.

உயரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜிபிஎஸ் உண்மையில் லாபம் தருகிற இடம் அதுதான். சார்ட்டில் உள்ள எம்இஏ, அதாவது ஏர்வேயில் பறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம், இரண்டு காரியங்களுக்கு உறுதி சொல்கிறது: தடைகளுக்கு மேல் இடைவெளி, அப்புறம் விஓஆர் சமிக்ஞை எட்டுதல். அதற்குக் கீழே மோக்கா என்று இன்னொரு குறைந்தபட்ச உயரம் இருக்கும்; அது தடை இடைவெளிக்கு முழுக்க உறுதி, ஆனால் விஓஆர் சமிக்ஞைக்கு நிலையத்திலிருந்து 22 கடல் மைல் வரைதான். அந்த இடைவெளி சமதளத்தில் 1,000 அடி, மலைப்பகுதியாக அறிவித்த இடங்களில் பொதுவாக 2,000 அடி. சில ஏர்வேகளில் எம்இஏ உயரமாக இருப்பதற்குக் காரணம் மலை கிடையாது, மலைக்குப் பின்னால் மறையும் விஓஆர் சமிக்ஞை. ஜிபிஎஸ்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. 91.177 விதிப்படி நேவிகேஷன் சமிக்ஞை கிடைக்கும் பட்சத்தில் எம்இஏக்குக் கீழே மோக்கா வரை இறங்கலாம். 22 கடல் மைல் கட்டுப்பாடு விஓஆரை வைத்துப் பறப்பவருக்கு மட்டும். சில பாதைகளில் எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ போட்டு ஜிபிஎஸ்ஸுக்கென்றே தனி எம்இஏ அச்சிட்டிருப்பார்கள். ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கென்றே வரைந்த டி-ரூட்களும் இருக்கின்றன, 18,000 அடிக்குக் கீழே. இறக்கையில் பனி பிடிக்கத் தொடங்கும் ஒரு குளிர்கால மாலையில் இரண்டாயிரம் அடி கீழே இறங்க முடிவது சின்ன விஷயமில்லை. ஆனால் மோக்காவில் கன்ட்ரோலரின் ரேடியோவோ ரேடாரோ எட்டும் என்று சார்ட் உறுதி சொல்வதில்லை. இறங்குவதற்கு கிளியரன்ஸும் வேண்டும்.

சின்னச் சின்ன வேறுபாடுகள் சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விஓஆரில் நிலையத்துக்கு மேலே வந்து, அதை நோக்கிப் போகிறோமா விலகுகிறோமா என்று காட்டும் கொடி புரண்ட பிறகு திரும்பிப் பழகியிருப்பீர்கள். ஜிபிஎஸ் புள்ளிக்கு முன்பே திரும்பச் சொல்லும். 120 நாட் வேகத்தில் ஸ்டாண்டர்ட் ரேட் (விநாடிக்கு 3 டிகிரி) திருப்பத்தின் ஆரம் ஏறத்தாழ 0.64 கடல் மைல். 30 டிகிரி திருப்பத்துக்கு ஐந்து விநாடி முன்பு ஆரம்பித்தால் போதும். பெட்டி சொல்வதைக் கேளுங்கள், அது நடுக்கோட்டில் உங்களை ஒழுங்காக உட்கார வைக்கத்தான் சொல்கிறது. அடுத்தது டிஎம்இ. அது சாய்கோட்டுத் தூரத்தைக் காட்டும், ஜிபிஎஸ் தரைத் தூரத்தைக் காட்டும். 12,000 அடியில் நிலையத்துக்கு நேர் மேலே இருந்தால் டிஎம்இ 2 என்று காட்டும், ஜிபிஎஸ் 0 என்று காட்டும். ஏர்வேயில் வழக்கமான தூரங்களில் இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

ஊசி எதைக் காட்டுகிறது என்பது அப்படிச் சின்ன விஷயமில்லை. பேனலில் ஒரே ஊசிதான், பொத்தானை அழுத்தினால் ஜிபிஎஸ், மறுபடி அழுத்தினால் விஓஆர். அதோடு ஆட்டோபைலட் எந்த நிலையில் இருக்கிறது என்பது தனி. ஹெட்டிங் நிலையில் விட்டுவிட்டு நேவ் நிலைக்கு (ஊசியைப் பின்தொடரும் நிலை) மாற்ற மறந்தால், பெட்டியில் ஏர்வே பழுதில்லாமல் இருக்கும், விமானம் அதைக் கண்டுகொள்ளாமல் தன் வழியே போகும். 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்திய கொரியன் ஏர் லைன்ஸ் 007-இன் கதை அடிப்படையில் இதுதான். ஆங்கரேஜிலிருந்து ஆர்20 பாதையில் போக வேண்டிய விமானம். ஆட்டோபைலட் ஹெட்டிங் நிலையிலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது ஐஎன்எஸ் என்ற நேவிகேஷன் கருவிக்கு மாற்றியபோது பாதையைப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 1993 அறிக்கை சொன்னது. 269 பேர் போனார்கள். அதைத் தொடர்ந்துதான் ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்கள் விமானங்களும் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஜிபிஎஸ் கைக்கு வந்த பிறகும் ஹெட்டிங் பொத்தான் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏர்வேயைப் பிடித்ததும் நான் வாய்விட்டே சொல்வேன்: “ஊசி ஜிபிஎஸ், ஆட்டோபைலட் நேவ், அடுத்த புள்ளி இது.” பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வேன்.

அப்படியானால் விஓஆரை அணைத்துவிடலாமா? சட்டம் தடுக்காது என்று சொன்னேன். இது என் அபிப்பிராயம்: ஏர்வே எந்த விஓஆரை வைத்து வரைந்ததோ அதை இரண்டாவது ரேடியோவில் ட்யூன் செய்து வைக்க நாற்பது விநாடி ஆகும், அதைச் செய்யுங்கள். ஜிபிஎஸ் சமிக்ஞை மிகப் பலவீனமானது. ராணுவப் பயிற்சிக்காக அதைக் குழப்பப்போகிறோம் என்று நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) வருவது அமெரிக்காவில் சகஜம், குறிப்பாகத் தென்மேற்கில். அந்த அறிவிப்பின் வட்டம் நூற்றுக்கணக்கான மைல் விரியும். ரெய்ம் போய்விட்டது என்று பெட்டி சொல்லும்போது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒரு ஊசிக்குக் கண்ணைத் திருப்புவது வேறு, அதிர்வெண்ணைத் தேட ஆரம்பிப்பது வேறு. ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த யோசனையின் மதிப்பு வருடாவருடம் குறைந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 900 ஆக இருந்த விஓஆர்களை 600-க்குள் கொண்டுவரும் திட்டத்தில் எஃப்ஏஏ ஒவ்வொன்றாக மூடிவருகிறது. மிஞ்சுவது குறைந்தபட்ச வலை. தரையிலிருந்து 5,000 அடி உயரத்தில் இருந்தால் 100 கடல் மைலுக்குள் ஏதோ ஒரு விமான நிலையத்துக்கு விஓஆரை வைத்துப் போய்ச் சேர முடிய வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. தாழ்வாகப் பறக்கும் நமக்கு ஏர்வே நெடுக சமிக்ஞை கிடைக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. விஓஆரை ஐஎஃப்ஆரில் பயன்படுத்துவதாக இருந்தால் 30 நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற 91.171 விதியும் இருக்கிறது. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று விமானத்தின் பதிவேட்டைப் பாருங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் புள்ளிகளின் டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். அது காலாவதியாகியிருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குப் பொதுவான பதில் என்னிடமிருந்து வாங்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியையும் நடப்பு சார்ட்டோடு சரிபார்த்துப் பயன்படுத்த சில கருவிகளின் மேனுவல் இடம் தரும், சில தராது. உங்கள் விமானத்தின் ஃபிளைட் மேனுவலில் பின்னால் செருகியிருக்கும் ஜிபிஎஸ் சப்ளிமென்ட் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். ஐஎஃப்ஆருக்கு அனுமதி இருக்கிறதா, சி129-ஆ சி146-ஆ என்பதும் அதே பக்கங்களில் இருக்கும். பல மாணவர்கள் அந்தப் பக்கங்களைத் தேர்வாளர் கேட்கும் நாளன்றுதான் முதன்முறையாகத் திறக்கிறார்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. வானம் தெளிவாக உள்ள ஒரு நாளில், விஎஃப்ஆரில் (வெளியே பார்த்துப் பறக்கும் விதிமுறை), பயிற்றுநரை உட்கார வைத்துக்கொண்டு, நடுவில் வளைவுள்ள ஒரு ஏர்வேயைத் தேர்ந்தெடுங்கள். வேண்டுமென்றே வளைவை விட்டுவிட்டு இரண்டு முனைகளை மட்டும் பெட்டியில் போடுங்கள். இரண்டாவது ரேடியோவில் முதல் விஓஆரை ட்யூன் செய்து, சார்ட்டில் உள்ள ரேடியலைத் திருகி வையுங்கள். பறக்க ஆரம்பித்ததும் ஜிபிஎஸ் ஊசி நடுவில் வந்து நிற்கும். என் உதாரணத்தில் உள்ள 12 டிகிரி வளைவாக இருந்தால், விஓஆர் ஊசி நடுவிலிருந்து மூன்றாவது புள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டு, வளைவு வரும்வரை அங்கேயே இருக்கும். முதல் பத்து மைலில் தரையில் வித்தியாசம் ஒரு மைல்தான் இருக்கும். இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று. ஜன்னல் வழியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.